துளையின் விளிம்பு

ஊசித்துளைக் கேமரா செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் பெட்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். பிஸ்கட் டப்பாவா, பால் பவுடர் டின்னா? எதுவானாலும் சரி. வெளிச்சம் கசியாமல், உள்ளே பளபளக்காத கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் போதும். படத்தின் தரம் துளையின் விளிம்பில் இருக்கிறது.

குளிர்பான கேனை வெட்டி எடுத்த அலுமினியத் தகடுதான் எனக்கு வாகாக இருக்கிறது. அட்டைமேல் வைத்து ஊசி முனையால் அழுத்தினால் மறுபுறம் சிறு புடைப்பு எழும். ஊசியை ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது. புடைப்பை நைஸான எமரித் தாளால் தேய்த்து, மறுபடி ஊசி, மறுபடி தேய்ப்பு. பிசிறு மிஞ்சக் கூடாது. துளையைச் சுற்றித் தகடு தடிமனாக இருந்தால் அது குழாயாகிவிடும். படத்தின் ஓரங்கள் இருண்டுபோகும்.

துளை சிறுக்கச் சிறுக்கப் படம் தெளியும் என்று பலர் நம்புகிறார்கள். ஓர் எல்லை வரைதான். அதற்குக் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து பரவிப் படத்தைக் கலைக்கும். பள்ளியில் படித்த விளிம்பு விளைவு இதுதான். துளைக்கும் போட்டோ பேப்பருக்கும் 100 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் துளையின் விட்டம் 0.45 மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். நான் ஸ்கேனரில் வைத்து அளப்பேன். 2400 டிபிஐயில் துளையின் குறுக்கே 42 பிக்சல் வர வேண்டும்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தின்போது கோவை, திண்டுக்கல் பக்கம் மரத்தடியெங்கும் ஒளி வளையங்கள் விழுந்தனவே, இலையிடுக்குக்கு ஏது ஒழுங்கான விளிம்பு? நியாயமான கேள்வி. 5 மீட்டர் தொலைவில் சூரியனின் பிம்பமே நாலரை சென்டிமீட்டருக்கு மேல் விரியும். இடுக்கின் கோணல் அதில் அமுங்கிவிடும். டின்னுக்குள் அதே பிம்பம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அங்கே ஒரு பிசிறு போதும், கெடுக்க.

இவ்வளவு சிறிய துளை என்பதால் நல்ல வெயிலிலும் அரை நிமிடமாவது திறந்து வைக்க வேண்டும். ஷட்டர், ஒரு துண்டுக் கறுப்பு டேப். கடைத்தெருவை எடுத்தால் விரைந்து போனவர்கள் பதிவதில்லை. பூக்கட்டுபவரும் தராசுக்கு முன் நின்றவரும் இருப்பார்கள். முன்னால் கிடக்கும் கூடைக்கும் தெருக்கோடிக் கோபுரத்துக்கும் ஒரே தெளிவு. லென்ஸ் கேமரா கையில் இருந்தும் கடைத்தெருவுக்கு நான் டின்னைத்தான் எடுத்துப்போகிறேன்.