எண்ணூர் கழி: சாம்பலுக்கு நடுவே மீன் தேடும் ஊர்கள்

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. பூண்டி ஏரி நிரம்பினால் திறந்துவிடும் உபரி நீர், வழியிலுள்ள வயல்களின் வடிகால் நீர் எல்லாம் இந்த முகத்துவாரம் வழியாகத்தான் வடிய வேண்டும். இங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. சில்கா ஏரிக்கு அடுத்து நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது.

நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் இந்தக் கழி அப்படி. குஞ்சுகள் அலையாத்தி வேர்களுக்கு நடுவே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். மீனவர்கள் வலை போடுகிறார்கள். இருளர் மக்களுக்கோ வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பல்லில் கடித்திருக்கும் ஓலைப்பறியில் போடுவார்கள். பழவேற்காட்டில் இன்னொரு ஏற்பாடு: எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு'. நம் ஊர் ஏரிப்பாசனத்தின் முறைப்பாசனம் போலத்தான்.

இந்தக் கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் வந்தன. எண்ணூர் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் இப்போதும் ஓடுகின்றன.

மீனுக்கு என்ன கேடு? முதலாவது, குளிரூட்ட உறிஞ்சும் நீரோடு முட்டைகளும் பொடிக் குஞ்சுகளும் உள்ளே போய் மடிகின்றன. இரண்டாவது, வெளிவரும் வெந்நீர். கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய நிலையங்களில், வெளிவிடும் நீரால், அதை ஏற்கும் நீர்நிலையின் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். மூன்றாவது, சாம்பல். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். அதை நீரில் குழைத்து, குழாய் வழியே செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்த போதெல்லாம் அது கழியில் கொட்டிப் படிந்தது. சேறு இருந்த இடத்தில் சாம்பல் இறுகினால் இறால் எங்கே புதையும்? கையால் துழாவுகிறவருக்கு என்ன கிடைக்கும்?

கழி மேடானால் மீனவருக்கு மட்டும் நட்டமில்லை. வெள்ளம் வடிய வழியின்றி மேற்கேயுள்ள வயல்களிலும் தேங்கும். 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றிக் கழியைச் சீரமைக்க உத்தரவிட்டது. அந்த வேலை முழுமையாக நடக்கிறதா என்று கேட்க மீனவருக்கு உள்ள உரிமை உழவருக்கும் உண்டு.

பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்போருக்கும் இதில் பாடம் இருக்கிறது. கோடையில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், அது தீனிக்காக அல்ல, ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள். புதுநீரை உயரத்திலிருந்து தெறித்து விழும்படி பாய்ச்சுங்கள். குட்டையில் நாம் நீர் பாய்ச்சிக் காப்பாற்றிவிடலாம். கழியில் உள்ள மீனுக்கு அந்த வழியில்லை.