கனமூலையில் மூன்று நாள்

சகோதரிகளே, கடற்கரை விடுமுறை என்றால் ஹோட்டல்தான் என்று நினைக்காதீர்கள். பாய், பானை, அரிசி, பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கொழும்பு–புத்தளம் வீதியில் மதுரங்குளிவரை வாருங்கள். கனமூலை அங்கிருந்து பக்கம்தான். தங்கை வீட்டு முற்றத்தில், தென்னைகளின் கீழ், மூன்று இரவு பாய் விரித்தோம். இறால் ஆணத்துக்குச் சட்டி போதவில்லை!

இரண்டாம் நாள் பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் கோட்டை. எனக்கு என்னோடு படிப்பித்த தோழி. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, இரண்டு மணி நேர அவகாசத்தில் கைக்குழந்தையோடு கிளம்பியவள். அந்த மாதம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோருக்கு இடம் கொடுத்தது புத்தளம். தண்ணீருக்கும் பாடசாலைக்கும் நெருக்கடி வந்து இரு தரப்பிலும் மனக்கசப்பு இருந்ததும் உண்மை, மறைப்பானேன்?

2009இல் போர் முடிந்தபின் மகன் யாழ்ப்பாணம் திரும்பிக் கடை போட்டுவிட்டான். மகள் கற்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவள்.

"நீ எங்கே இருக்கப்போகிறாய்?" என்றேன்.

"எங்கே இருந்தாலும் ஒரு பிள்ளை தூரம்தானே புள்ள" என்றாள்.

ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தாள். புறப்படும்போது ஒரு கட்டுப் பனங்கிழங்கும் வேனில் வைத்தாள். மகன் அனுப்பியதாம்.