பூச்சியுண்ணும் செடிக்குப் பணிவிடை

வீனஸ் ஃப்ளைட்ராப் என்னும் பூச்சியுண்ணும் செடியொன்றை ஜன்னலோரத்தில் வைத்து வளர்க்கத் தொடங்கிய நாள்முதல், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதன் சிவந்த வாயில் விரலை நுழைத்துப் பார்க்கவே பிரியப்படுகிறார்கள். அவர்களைத் தடுப்பதே இப்போது என் பிரதான உத்தியோகம். இலையின் ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்றாக நிற்கும் மெல்லிய ரோமங்கள், ஏறக்குறைய 20 விநாடிக்குள் இருமுறை தீண்டப்பட்டாலொழியப் பொறி மூடாது என்பதும், மழைத்துளிக்கும் தூசிக்கும் வீணாக ஏமாறாதிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது என்பதும் ஆச்சரியமானவையே. ஆயினும், இரையின்றிப் பலமுறை மூடித் திறக்கும் பொறி விரைவில் ஓய்ந்துவிடுமாதலால், வேடிக்கைக்காக அதைச் சீண்டுவது பாவம்.

அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், கடலோரத்தை அடுத்த சத்தற்ற சதுப்பு மணலே இதன் ஜன்மபூமி. மண்ணில் போதிய அளவு கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சிகளிடமிருந்து சம்பாதித்துக்கொள்ளும் இச்செடிக்கு, அன்பின் மிகுதியால் நாம் இடுகிற உரமும், உப்பு மிகுந்த குழாய்த் தண்ணீருமே விஷமாகின்றன. பீட் பாசியும் மணலும் கலந்த தொட்டி, அடித்தட்டில் மழைநீர், நல்ல வெயில், குளிர்காலத்தில் மூன்று நான்கு மாத நித்திரை: இவ்வளவே அதன் தேவை.

பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-இல் ஒரு நூலே எழுதிய சார்லஸ் டார்வின், உலகின் அதியற்புதமான தாவரங்களுள் ஒன்றாக இதை மதித்தார். நண்பர்களே, குளிர்காலத்தில் இலைகள் கருகினால், செடி செத்ததென்று எறிந்துவிடாதீர்கள்; மண்ணுக்குள் வெண்மையாகவும் கெட்டியாகவும் கிழங்கு இருக்குமாயின், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும்.