ஒரே ஸ்டென்ட், இரண்டு பில்

"புகார்தாரரிடம் நாங்கள் கட்டணம் வாங்கவில்லை. ஆகவே அவர் நுகர்வோரே அல்ல." மருத்துவமனை தாக்கல் செய்த பதிலுரையின் முதல் பத்தி இது. நான்காவது பத்தியில், "புகார்தாரர் விரும்பிக் கேட்ட உயர்தர ஸ்டென்டுக்காக 65,000 ரூபாய் பெறப்பட்டது" என்று இருந்தது. இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில்தான் என் கட்சிக்காரரின் வழக்கு இருந்தது.

2018ஆம் ஆண்டு. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் அவர். நெஞ்சுவலி வந்ததும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு மனைவி அழைத்துப் போனார். கையில் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அன்று அந்த அட்டை உண்டு. ஆஞ்சியோ எடுத்தார்கள், ஓர் அடைப்பு. சிகிச்சைக்குத் திட்டத்தின் முன் அனுமதியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கவுன்ட்டரில் இருந்து கூப்பிட்டு, கார்டில் வருவது சாதாரண ஸ்டென்ட், நல்லது வேண்டுமானால் மேற்கொண்டு பணம் கட்டுங்கள் என்றார்கள். அந்த அம்மா கம்மலை அடகு வைத்தார். மீதிக்குத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அந்த ஊரில் முன்பணம் வாங்குவது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது.

"ஏம்மா, எழுதிக் கொடுங்கன்னு கேக்கலையா?" என்றேன்.

"அவர உள்ள படுக்க வெச்சுட்டாங்க சார். அப்பப் போயி கணக்கு கேக்க முடியுங்களா?"

நுகர்வோரா இல்லையா என்ற கேள்விக்கு 1995லேயே உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் விடை சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழு இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில், இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றாலும் அப்படியே. மருத்துவமனையின் முதல் வாதம் அத்தோடு விழுந்தது.

அவர்களே விரும்பிக் கேட்டார்கள் என்ற இரண்டாவது வாதம்தான் கடினம். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து இருந்தது. ரசீதில் "ஸ்டென்ட் வித்தியாசத் தொகை" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்து, மறு ஆண்டு அதையும் குறைத்திருந்தது. பில்லில் கம்பெனிப் பெயர், பேட்ச் எண்ணோடு ஸ்டென்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. வித்தியாசமே 65,000 என்றால் மொத்த விலை எவ்வளவு?

காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, மருத்துவமனை அனுப்பிய கிளெய்ம் கோப்பை வரவழைக்க மனுப் போட்டேன். கோப்பு வந்தது. ஸ்டென்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துக் கோப்பில் ஒட்டுவது வழக்கம். கிளெய்ம் கோப்பில் ஒரு ஸ்டிக்கர். நோயாளிக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு ஸ்டிக்கர். பேட்ச் எண், வரிசை எண் எல்லாம் ஒன்றே. உள்ளே போனது ஒரே ஸ்டென்ட். அதற்கு அரசுத் திட்டமும் பணம் கொடுத்திருக்கிறது, தறிக்காரர் வீடும் கொடுத்திருக்கிறது. நோயாளியிடம் எதுவும் வசூலிக்கவில்லை என்ற மருத்துவமனையின் உறுதிமொழியும் அதே கோப்பில் இருந்தது.

வாதத்தின்போது எதிர்தரப்பு வழக்கறிஞர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். திட்டம் கொடுக்கும் தொகை கட்டுப்படியாகவில்லை. வசதிப்பட்டவர் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் என்ன தவறு? உலகம் முழுக்க நடக்கும் விவாதம் இது. கனடாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்பீட்டில் அடங்கும் சிகிச்சைக்கு மருத்துவர் நோயாளியிடம் மேல்பணம் வாங்க மாகாணம் அனுமதித்தால், அந்தத் தொகையை மாகாணத்துக்குத் தரும் நிதியிலிருந்து மத்திய அரசு பிடித்துக்கொள்ளும். பிரிட்டனிலோ 2008க்குப் பிறகு, அரசு தராத மருந்தைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிகிச்சை அரசுச் சிகிச்சையிலிருந்து பிரிந்து நடக்க வேண்டும்.

அரசும் தனியாரும் கலப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் என் கட்சிக்காரர் உயிரோடு இருக்கிறார். தொகை போதவில்லை என்றால் மருத்துவமனை அரசிடம் கேட்கட்டும், திட்டத்தை விட்டு வெளியேறட்டும். நோயாளி மேசையில் கிடக்கும்போது அவர் மனைவியிடம் கேட்கக் கூடாது. அந்த நேரத்துக் கையெழுத்தைச் சம்மதம் என்று எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்றுதான் வாதிட்டேன்.

மாவட்ட நுகர்வோர் மன்றம், ஆணையம் என்று பெயர் மாறிய பிறகே தீர்ப்பு வந்தது. 65,000 ரூபாயை வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடு தரவும் உத்தரவு. மருத்துவமனை மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தறி முதலாளியின் பாக்கி முதலில் தீர்ந்தது.

அரசு கொடுத்த பணத்தைப் பற்றி அந்த ஆணையம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் புகாரில் அதைக் கேட்கவும் வழியில்லை. தீர்ப்பு நகலையும் இரண்டு ஸ்டிக்கர்களின் நகலையும் இணைத்து, அந்த மருத்துவமனையின் மற்ற கிளெய்ம்களையும் பார்க்கும்படி மாவட்டத்தில் திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். கையெழுத்தான ஒப்புகை அட்டை வந்தது. கோப்புகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.