லிப்ட் இறங்குது, ஆயில் குறையுது

“லிப்ட் தூக்குனா நிக்க மாட்டேங்குது. ஆயிலும் குறைஞ்சுகிட்டே போவுது. பம்பை மாத்திடு, வேலை முடிஞ்சுது.”

பாலாற்றங்கரை ஊரிலிருந்து வந்த பெரியவர் வண்டியை நிறுத்தியதுமே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட டிராக்டர் பட்டறை அது. சித்திரை மாதம், சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேடை ஓட்ட வேண்டிய நேரம். வண்டி, தொண்ணூறுகளில் வாங்கிய மேஸி பெர்குசன் 1035.

மெக்கானிக்குக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “காலையில ஸ்டார்ட் பண்ணதுமே எறங்குதா, ரெண்டு மணி நேரம் ஓட்டின பிறகா?” என்று கேட்டார்.

“சூடானப்புறம்தான்பா.”

“ராத்திரி வண்டி எங்க நிக்கும்?”

“களத்து மேட்டோரம். இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வு.”

“இடது பிரேக் எப்படிங்க?”

பெரியவர் சற்று யோசித்தார். “வரப்போரம் திருப்பறப்ப புடிக்கவே மாட்டேங்குது. அது வேற கதை.”

“வேற கதை இல்லீங்க. நீங்க ஒண்ணுன்னு நெனைக்கிறது ரெண்டு, ரெண்டுன்னு நெனைக்கிறது ஒண்ணு.”

இதைப் புரிந்துகொள்ள இந்த வண்டியின் பூர்வீகம் கொஞ்சம் தெரிய வேண்டும். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன், கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் வழக்கத்தை விட்டு, மூன்று இடத்தில் பிணைத்து எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அந்த ஏற்பாட்டோடு அவருடைய டிராக்டர் 1936இல் விற்பனைக்கு வந்தது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்தப் பரம்பரை வண்டிகளைச் செம்பியத்தில் தயாரித்தது. கேளம்பாக்கத்தை ஒட்டிய கீழக்கோட்டையூரில் 1964 முதல் அந்த நிறுவனத்தின் ஜே-ஃபார்ம் என்ற ஆய்வுப் பண்ணையும் இருக்கிறது. ஆக, செங்கல்பட்டுச் சீமைக்கு இந்த வண்டி புதிதல்ல.

இந்த வகை வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் வெளியே தெரியாது. நடுப்பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். கியர், பின் அச்சு, லிப்ட் மூன்றுக்கும் ஏறத்தாழ 30 லிட்டர் எண்ணெய் பொது. ஓர் ஏரிக்குப் பல மதகு இருப்பதைப் போல, எந்தப் பக்கம் ஒழுகினாலும் குறைவது அந்த ஒரே எண்ணெய்தான். ஐப்பசி மழையில் வண்டி வெளியே நனைந்து, கிழிந்த கியர் லிவர் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கினால் கெடுவதும் அதே எண்ணெய். டிப் ஸ்டிக்கை உருவியதும் மெக்கானிக் முதலில் பார்த்தது நிறத்தைத்தான். பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரியவர் வண்டியில் எண்ணெய் தேன் நிறமாகவே இருந்தது.

அடுத்தது சாக்பீஸ் சோதனை. கல்டிவேட்டரை மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்து, பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, லிப்ட் கை நிற்கும் உயரத்தைக் கோடு போட்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கை நாலு விரல் இறங்கிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் அடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. எனக்கு அங்கேதான் விளங்கியது. லிப்டை இறக்கும் கசிவு உள்ளுக்குள் நடக்கிறது. வழிகிற எண்ணெய் மறுபடி பெட்டிக்குள்ளேயே விழுவதால் அதனால் அளவு குறையாது. அளவைக் குறைக்கும் கசிவு வேறெங்கோ இருக்கிறது.

கல்டிவேட்டரைத் தரையில் இறக்கி வைத்தார். தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் யாரும் போகக் கூடாது என்பதில் அவர் கறாரானவர். எண்ணெயைக் கொஞ்சம் வடித்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தார். “தம்பி, கையை உள்ள விடாத, ஷாப்ட் சுத்தும்” என்று உதவிப் பையனை எச்சரித்துவிட்டு இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, லிப்டைத் தூக்கச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். பம்பிலிருந்து லிப்ட் மூடிக்கு ஏறும் குழாயின் தலைமாட்டில் எண்ணெய் விட்டுவிட்டுப் பீறிட்டது. ரிலீப் வால்வு ஒழுகாமல் காய்ந்திருந்தது. பம்ப் நன்றாகவே இருந்தது. குழாயின் ஓ-ரிங் இறுகி வெடித்திருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் சூடாகி இளகும்போது அந்த இடுக்கில் வேகமாக நழுவுகிறது. காலையில் நின்ற லிப்ட் பத்து மணிக்கு நிற்காததன் காரணம் அதுவே.

இனி வெளிக்கசிவு. முப்பது வருஷச் சேறும் எண்ணெயும் பிசினாக ஒட்டிய வண்டியில், சொட்டு விழும் இடத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. மேலே கசிந்தது விளிம்பு விளிம்பாக ஓடி எங்கேயோ சொட்டும். டீசலால் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டார்கள். பிறகு பையன் அலமாரியிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து, பின் அச்சு, லிப்ட் மூடி, கிளட்ச் கூடு எல்லாவற்றின் மீதும் தூவினான். வண்டியைச் சுமையோடு ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தபோது, இடது பின்சக்கரத்தின் உட்புறம் வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு இறங்கியிருந்தது. கிளட்ச் கூட்டின் அடித்துளையிலும் லேசான ஈரம். அதை விரலில் தேய்த்து முகர்ந்தார். கறுப்பு. “இது இன்ஜின் ஆயில். கொஞ்சம்தான், அறுவடை முடிச்சுப் பாத்துக்கலாம்.”

சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால், பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. பெரியவர் பதறிப் போனார். “போன வருஷம் இன்னொரு எடத்துல புது சீல் போட்டாங்களேப்பா!” சீல் புதிதாகத்தான் இருந்தது. மெக்கானிக் என் கையைப் பிடித்து, அச்சில் சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் தட்டியது. பழைய சீல் வருஷக்கணக்காக உரசி அச்சில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும், அதே வழியாக ஒழுகும். மேலே காற்றுப் போக்கியும் சேறு அடைத்துக் கிடந்தது. உள்ளே சூட்டில் ஏறும் அழுத்தத்துக்கு வேறு போக்கிடம் இல்லாமல் சீலைத் தள்ளியிருக்கிறது. ராத்திரியெல்லாம் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்க, எண்ணெய் முழுக்க அந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது. களத்து மேட்டைப் பற்றி அவர் கேட்டது இதற்காகத்தான்.

ஓ-ரிங், ஒரு சீல், பள்ளத்தின் மேல் ஏற்ற ஒரு மெல்லிய ஸ்லீவ், பிரேக் கட்டைகள். தேவைப்பட்டவை இவ்வளவே. ஆயிரக்கணக்கில் விலையுள்ள பம்ப் தப்பியது. ஆனால் கூலி பேசும்போது பெரியவர், “ரெண்டு ரப்பருக்கா இவ்வளவு?” என்றார். பம்பை மாற்றியிருந்தால் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பார். எனக்கு இது பொறுக்கவில்லை. நம் ஊரில் கழற்றிப் பூட்டுவதற்குக் கூலி உண்டு, கண்டுபிடிப்பதற்குக் கிடையாது. கழற்றாமலே கண்டுபிடிப்பவருக்கு அதனால் நஷ்டம். அவசரமாகப் பாகத்தை மாற்றுகிறவர் பிழைத்துக்கொள்கிறார், விவசாயி இரண்டு முறை செலவழிக்கிறார். மெக்கானிக் சண்டை போடவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொண்டார். குறைத்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

மாலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. நானும் கூடவே போனேன். அங்கே டிராக்டர், படகைக் கரைக்கு மேலே இழுக்கிறது. மற்ற நேரம் டிப்பர் மாட்டி ஜல்லியும் செங்கலும் அடிக்கிறது. டிப்பர் தூக்கும்போது எண்ணெய் புகையாகப் பறக்கிறது என்றார்கள். ஓர் இளைஞர் ஹோஸைக் கையால் தடவி ஓட்டையைத் தேடப் போனார். மெக்கானிக் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது.

ஊசிமுனை ஓட்டையில் பீறிடும் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டைத் தாண்டும். அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். மீன் பெட்டியின் அட்டையைக் கிழித்து, கம்பில் செருகி, தள்ளி நின்று ஹோஸ் ஓரமாக நகர்த்தினார். ஓரிடத்தில் அட்டை நனைந்து துளைபட்டது.

டிப்பர் ஜாக்கியின் ராடையும் பார்த்தார். உப்புக் காற்றில் குரோம் பூச்சு பொரிந்து, புள்ளி புள்ளியாகத் துரு. “வேலை இல்லாதப்ப டிப்பரை எறக்கியே வைங்க, ராடு வெளிய நிக்கக் கூடாது. நல்ல தண்ணில கழுவி ஆயில் தடவுங்க. இல்லன்னா இது சீலை அறுத்துக்கிட்டே இருக்கும்.” புது ஹோஸ் கையில் இல்லை. நீளத்தை வலைக் கயிறால் அளந்து, முனையின் மரை பொருந்துவதற்காகப் பழைய ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் அங்கே எதையும் மாற்றவில்லை. ஆனாலும் படகுக்காரர் பணத்தை நீட்டினார். “நாளைக்கு ஹோஸ் போட்டுட்டு வாங்கிக்கறேன்” என்றார் மெக்கானிக். “அது நாளைக்கு. இது இன்னைக்கு வந்து பாத்ததுக்கு” என்று அவர் சட்டைப் பையிலேயே வைத்தார் படகுக்காரர்.