எழுத ஓர் இடம்

எழுத்தாளரைச் சந்திக்கும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "எங்கே அமர்ந்து எழுதுகிறீர்கள்?" என்பது. எளிய வினாவாகத் தோன்றினும் அதனுள் ஓர் ஏக்கம் ஒளிந்திருக்கிறது. ஓசையற்ற அறை, குறுக்கிட யாருமில்லாத பொழுது, வேளை தவறாமல் வரும் உணவு ஆகியவை வாய்த்தால் நாமும் எழுதிவிடலாம் என்னும் எண்ணம் அது. எழுத மட்டுமன்றிப் படிக்கவும் அத்தகைய இடத்தை நாம் தேடுகிறோம்.

அந்த ஏக்கம் எனக்கும் நெடுங்காலம் இருந்தது. அதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அமெரிக்க நாவலாசிரியர் ஃபிளானரி ஓ'கானரின் பயணங்கள் நினைவுக்கு வருகின்றன. எழுதுவதற்கென்றே அமைந்த உறைவிடம் ஒன்றைத் தேடி அவர் வடக்கே சென்றார். பின்னர் நோயின் காரணமாகத் தம் ஊருக்கே திரும்பினார். முதற்பயணம் அவர் விரும்பியது. இரண்டாவது அவர் அஞ்சியது. அவருடைய சிறந்த படைப்புகள் பலவும் பிறந்தது அந்த இரண்டாம் பயணத்திற்குப் பின்னரே.

வடக்கு நோக்கி

ஓ'கானர் 1925ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிறந்தார். அவருடையது கத்தோலிக்கக் குடும்பம். சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பான்மையாக வாழ்ந்த தென்பகுதியில், கிறித்தவர்களுக்குள்ளும் சிறுபான்மையினராக அவர்கள் இருந்தனர். அவருக்குப் பதினைந்து வயதானபோது தந்தை லூபஸ் என்னும் நோயால் இறந்தார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் கொடிய நோய் அது.

1945ஆம் ஆண்டு அவர் அயோவா பல்கலைக்கழகம் சென்று, அங்கிருந்த எழுத்துப் பயிலரங்கில் சேர்ந்தார். அவருடைய தென்பகுதிப் பேச்சு ஆசிரியருக்கு விளங்காமற்போகவே, சொல்ல வந்ததைத் தாளில் எழுதிக் காட்டினார் என்பர். அங்கே பயின்ற காலத்தில் சிறு குறிப்பேடு ஒன்றில் இறைவனுக்குக் கடிதம் போல மன்றாட்டுகளை எழுதிவந்தார். நல்ல எழுத்தாளராக வேண்டும் என்னும் வேட்கையும், அவ்வேட்கை தற்பெருமையாக மாறிவிடலாகாது என்னும் அச்சமும் அதில் மாறி மாறி வருகின்றன. அக்குறிப்பேடு அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் 2013ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருக்கு யாடோவில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் சாரடோகா ஸ்பிரிங்ஸில், ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்பில் அமைந்த கலைஞர் உறைவிடம் அது. ஸ்பென்சர் டிராஸ்க், கத்ரீனா டிராஸ்க் என்னும் செல்வ இணையர் தம் குழந்தைகள் நால்வரையும் இழந்தவர்கள். வாரிசு இல்லாத தம் மாளிகையையும் தோட்டத்தையும் படைப்பாளிகளுக்கு உரிமையாக்க எண்ணி 1900ஆம் ஆண்டில் அதனை அறநிறுவனமாக்கினர். 1926 முதல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசைவாணர்களும் அங்கே வந்து தங்கலாயினர். பகற்பொழுதில் ஒருவர் மற்றொருவரின் பணியில் குறுக்கிடக் கூடாது என்பது அங்குள்ள விதி. நண்பகல் உணவைப் பெட்டியில் எடுத்துச் சென்று அவரவர் பணியிடத்திலேயே உண்பர். மாலை உணவின்போதுதான் அனைவரும் கூடுவர்.

நாம் கனவு காணும் இடம் இதுவே அன்றோ? ஓ'கானர் அங்கே தம் முதல் நாவலாகிய 'வைஸ் பிளட்'டை எழுதும் பணியில் ஆழ்ந்தார். போரிலிருந்து திரும்பிய ஹேசல் மோட்ஸ் என்னும் இளைஞன், கிறிஸ்து இல்லாத திருச்சபை ஒன்றை நிறுவ முனைகிறான். எத்துணை முயன்று ஓடினாலும் தான் மறுக்கும் இறைவனிடமிருந்து அவனால் தப்ப முடியவில்லை. நகைச்சுவையும் அச்சமும் ஒருங்கே கலந்த கதை அது.

ஆயினும் யாடோவின் அமைதி அவரைத் தானாக எழுத வைத்துவிடவில்லை. மாலை விருந்துகளும் ஓயாத பேச்சும் அங்கும் உண்டு. ஓ'கானர் அவற்றிலிருந்து விலகியே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், உடன் தங்கிய கலைஞர்களை விட்டு, அங்கே பணிபுரிந்தவர்களோடு திருப்பலிக்குச் சென்று வந்தார். பின்னாளில் அங்கே செல்ல எண்ணிய எழுத்தாளர் தோழி ஒருவருக்கு அவர் அறிவுரை எழுதினார். கைநிறையத் தம் வேலையை வைத்திருப்பவரும், பிறரைப் போல் இல்லாதிருக்க அஞ்சாதவருமே அத்தகைய சூழலில் நிலைக்க முடியும் என்பது அதன் சாரம். எழுத்தாளர் உறைவிடத்திலும் தனிமையை அவரவரே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1949ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனிப்போர்க் கால ஐயங்களால் யாடோவில் பெரும் பூசல் மூண்டது. ஓ'கானரும் வேறு சிலரும் அங்கிருந்து வெளியேறினர். சில மாதம் நியூயார்க்கில் இருந்தபின், கனெக்டிகட்டில் வாழ்ந்த கவிஞர் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், சாலி இணையரின் இல்லத்தில், கார்க் கொட்டகையின் மேலிருந்த அறையில் குடியேறினார். காலையில் திருப்பலி, பிறகு எழுத்து, மாலையில் அவ்வீட்டுக் குழந்தைகளோடு சிறிது நேரம் என நாள்கள் ஒழுங்காகச் சென்றன. வடக்கிலேயே வாழ்ந்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

அஞ்சிய திசை

1950ஆம் ஆண்டு டிசம்பரில் தட்டச்சுப் பொறியைக் கையாள முடியாதவாறு அவருடைய கைகள் கனத்தன. கிறிஸ்துமசுக்காக ஊருக்குத் தொடர்வண்டி ஏறினார். போய்ச் சேர்ந்தபோது நோய் முற்றியிருந்தது. தந்தையைக் கொன்ற அதே லூபஸ். அவர் மனம் தளரக்கூடாது என எண்ணிய தாய், அது மூட்டுவாதம் என்றே சொல்லிவைத்தார். 1952ஆம் ஆண்டு கோடையில் சாலி ஃபிட்ஸ்ஜெரால்ட் வாயிலாகவே உண்மையை அறிந்தார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அந்நோய் இன்னது செய்யும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டவர். இனி வடக்கில் வாழ இயலாது. மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே நான்கு மைல் தொலைவில், தாய் நடத்திய ஆண்டலூசியா என்னும் பால்பண்ணையே அவருடைய உலகாயிற்று. மாடிப்படி ஏற முடியாததால் கீழ்த்தளத்து முன்னறை படுக்கையறையாகவும் பணியறையாகவும் மாறியது. நாள்தோறும் காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எழுதினார். பண்ணையின் காட்சிகள் கவனத்தைக் கலைக்காதிருக்க, சன்னலை நோக்காமல் மர அலமாரியின் வெறும் பின்புறத்தை நோக்கி மேசையைப் போட்டுக்கொண்டார்.

எழுத எதுவும் தோன்றாத நாளிலும் அந்த மூன்று மணி நேரம் மேசையை விட்டு எழுவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. பிற்பகலில் தாம் வளர்த்த மயில்களைக் கவனித்தார், கடிதங்கள் எழுதினார். ஊர் திரும்புவதோடு தம் எழுத்து வாழ்வு முடிந்துவிடும் என்று தாம் அஞ்சியதையும், உண்மையில் அப்போதுதான் அது தொடங்கியது என்பதையும் பின்னர் ஒரு கடிதத்தில் அவரே குறிப்பிட்டார். 'வைஸ் பிளட்' 1952இல் வெளிவந்தது. முதற்சிறுகதைத் தொகுப்பு 1955இலும் இரண்டாம் நாவல் 1960இலும் வந்தன. அண்டை வீட்டாரின் பேச்சும், பண்ணை வேலையாள்களின் வழக்கும், தென்பகுதி ஊர்களின் செருக்கும் பக்தியும் அவருடைய கதைகளுக்கு உயிர் தந்தன.

அவருடைய கடிதத் தொகுப்பை நான் படித்தது, என் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையிலிருந்த நாள்களில். அவ்வாண்டு மலையூர் ஒன்றில் நடந்த எழுத்தாளர் முகாமிற்கு எனக்கு அழைப்பு வந்தது, போக இயலவில்லை. அவருக்கு மருந்து கொடுப்பதும், அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், துணிகளை மாற்றுவதுமாக நாள் கழியும். அவர் அயர்ந்து உறங்கும் விடியற்காலை இரண்டு மணி நேரமே எனக்கு உரியது. திண்ணையில் ஒரு பலகையை மடிமேல் வைத்துக்கொண்டு எழுதுவேன். உள்ளிருந்து அவர் மூச்சொலி சீராக வருகிறதா என்று ஒரு செவி கேட்டுக்கொண்டேயிருக்கும். அலமாரியின் பின்புறத்தை நோக்கி அமர்ந்திருந்த அந்தப் பெண்ணின் உருவம் அந்நாள்களில் எனக்குத் துணையாக இருந்தது. மூன்றாண்டுகளில் ஒரு நாவல் முடிந்தது. அதன் கடைசி அத்தியாயத்தைத் தந்தையார் கேட்கவில்லை. அதற்கு முன்னரே கண்மூடிவிட்டார்.

லூர்து நகரில் ஒரு வேண்டுதல்

ஓ'கானர் 1958ஆம் ஆண்டில் நெடும்பயணம் ஒன்றை மேற்கொண்டார். முதிய உறவினர் ஒருவரின் விருப்பத்திற்கு இணங்கி, தாயோடு பிரான்சிலுள்ள லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார். நம் நாட்டிலும் பலர் அறிந்த மாதா திருத்தலம் அது. நோயாளிகள் அங்குள்ள நீரில் நலம் வேண்டி மூழ்குவர். அப்போது ஓ'கானரின் இடுப்பெலும்பு நலிந்திருந்தது. இரண்டு ஊன்றுகோல்களின் துணையோடே நடந்தார். நீராட அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. பிறரின் வற்புறுத்தலால் இறங்கினார். அங்கே தம் எலும்புகளுக்காகத் தாம் வேண்டிக்கொள்ளவில்லை என்றும், எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காகவே வேண்டிக்கொண்டதாகவும் பின்னர் எழுதினார். அவருக்கு எது பெரிது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

ஒதுங்கி வாழ்வது எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடும் என்று எண்ணிவிடலாகாது. கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடிய காலம் அது. வெள்ளையரின் இனச்செருக்கைத் தம் கதைகளில் கூர்மையாக எள்ளி நகையாடிய அவர், தனிப்பட்ட கடிதங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியவை இன்று படிப்போரை வருத்துகின்றன. கதைகளில் கண்ட தெளிவு கடிதங்களில் எப்போதும் இல்லை. இரண்டையும் அறிந்தே அவரைப் படிக்க வேண்டும்.

1964ஆம் ஆண்டு மருத்துவமனையில் ஓய்வெடுக்குமாறு சொல்லப்பட்டபோதும், கதையின் தாள்களைத் தலையணைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு திருத்தினார். ஆகஸ்ட் 3ஆம் நாள் முப்பத்தொன்பது வயதில் மறைந்தார். அவருடைய கதைகளின் முழுத்தொகுப்புக்கு 1972இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருது வழங்கப்பட்டது.

யாடோ போன்ற இடங்கள் தேவையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். வாய்ப்புக் கிட்டினால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். இளம் ஓ'கானருக்கு அது பேருதவி புரிந்தது. ஆனால், கிட்டும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுள் பலர் ஒரே அறையில் நால்வரோடு படிப்பவர்கள். தம்பி தங்கையரைக் கவனித்துக்கொண்டே பாடம் எழுதுபவர்கள். கடையிலோ வயலிலோ பெற்றோருக்குத் துணை நிற்பவர்கள். நாளின் எந்த ஒரு மணி நேரம் உங்களுடையது என்பதைக் கண்டறியுங்கள். அதனை நாள்தோறும், தோன்றாத நாளிலும், விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரமும் அலமாரியின் வெறும் பின்புறமும் ஓ'கானருக்குப் போதுமானவையாக இருந்தன.