முள்ளில்லாத முட்செடி

முட்செடிக்கு முள் இல்லாமல் இருக்குமா? "முள் இல்லாவிட்டால் அந்தப் பெயர் எதற்கு?" என்று கேட்பீர்கள். ஆனால் அப்படியும் ஒரு செடி உண்டு, நேயர்களே! அதைக் காண இங்கிலாந்தின் வடபகுதிக்கு, டீஸ் ஆறு பிறந்து வரும் மலைப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

லண்டனிலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் டார்லிங்டன். அங்கிருந்து சாலை மேற்கே மலையை நோக்கிச் செல்கிறது. மிடில்டன் என்னும் சிற்றூரைத் தாண்டினால் வெள்ளையடித்த பண்ணை வீடுகள், கல் அடுக்கிய மதில்கள், நடுவே புல்வெளிகள். இன்னும் மேலே, 21 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் ஹை ஃபோர்ஸ் அருவி.

ஜூன் மாதக் கடைசியில் அந்தப் புல்வெளிகளில் நம் செடி பூக்கும். சுமார் ஒரு மீட்டர் உயரத் தண்டு. அதன் உச்சியில் பெரும்பாலும் ஒரே பூ. சவரத் தூரிகை போன்ற வடிவம், கத்தரிப்பூ நிறம். களை பிடுங்கும்போது தொட்டாற்சிணுங்கி கையைக் கிழிப்பது உங்களுக்குத் தெரியும். இதையோ தாராளமாகத் தடவிப் பார்க்கலாம். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்திருக்கும்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'மெலங்கலி திஸ்ஸில்'. சோக முட்செடி என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கோலஸ் கல்பெப்பர் என்ற மூலிகை வைத்தியர், இதை மதுவில் காய்ச்சிக் குடித்தால் மனச்சோர்வு நீங்கும் என்று எழுதினார். செடியின் குணமா, மதுவின் குணமா? கள்ளுக்கடைக் காலத்தை அறிந்த நம் பெரியவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்!

இந்தப் புல்வெளி தானாக வந்ததன்று என்பதைக் கவனியுங்கள். மே மாதத்தில் ஆடுகளை வெளியே ஓட்டி, புல்லை வளர விடுகிறார்கள். பூக்கள் விதை உதிர்த்த பிறகு, ஜூலைக் கடைசியிலோ அதற்குப் பின்னரோ அறுத்து, வெயிலில் உலர்த்தி, குளிர்காலத் தீவனமாகச் சேர்க்கிறார்கள். அறுக்காமல் விட்டால் புதர் மண்டும். முந்தி அறுத்தால் விதை விழாது. ஆழமாக வெட்டினால் பட்டை கெடும் என்று அறிந்து பால் மரம் வெட்டும் உங்களுக்கு, இந்தப் பக்குவத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்குவம் பல இடங்களில் மறைந்தது. உரம் கொட்டியதால் புல் செழித்துப் பூச்செடிகளை நெருக்கியது. பச்சையாகவே பதப்படுத்துவதற்காகப் புல்லை முன்கூட்டியே, ஆண்டுக்குப் பலமுறை அறுத்தார்கள். 1930களுக்கும் 1984க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய பூம்புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆயினும் இச்செடி மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டிப் பரவுவது. வயலை இழந்த ஊர்களில் சாலையோரத்திலும் ஆற்றோரத்திலும் நின்று பூக்கிறது. மேல் டீஸ் பள்ளத்தாக்கிலோ, இன்றும் காலமறிந்து அறுக்கும் விவசாயிகளால் அது புல்வெளியிலேயே வாழ்கிறது.

ஒரு மண்ணின் அழகுக்குப் பின்னால் யாரோ சிலருடைய கைகள் இருக்கின்றன. அடுத்தமுறை பச்சைப்பசேலென்ற ஓர் இடத்தைப் பார்த்து வியக்கும்போது, பிள்ளைகளிடம் அந்தக் கைகளைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் கைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.